விக்கியில் தேதிகளை மொத்தமாக மாற்றப் போகிறவர்களுக்கு

சொந்தக் குறிப்புகளைச் சேர்த்து வைக்க விக்கி வைத்திருப்பவர்களுக்கு ஒரு கட்டத்தில் தேதி வெறி பிடிக்கும். ஒரு பக்கத்தில் 3/4/19 என்று இருக்கும், இன்னொன்றில் 03.04.2019, மருந்துப் பட்டியலில் வெறும் ‘ஏப்ரல் 3’. எல்லாவற்றையும் 2019-04-03 என்று ஆக்கிவிட்டால் தேடலாம், வரிசைப்படுத்தலாம். ஆசை நியாயமானதுதான். 1988இல் வந்த ஐஎஸ்ஓ 8601 என்ற உலகத் தரமும் இதே வடிவத்தைத்தான் சொல்கிறது. வருடம் முன்னால் நிற்பதால் எண் வரிசையில் அடுக்கினாலே கால வரிசை வந்துவிடும்.

அண்மையில் புதிதாக விக்கி தொடங்கிய சிலரோடு உட்கார்ந்து வேலை பார்த்தேன். நான் அந்தக் காலத்தில் செய்த கூத்துகளை அப்படியே செய்கிறார்கள். பேக்கப் எடுங்கள், முதலில் ஒரே பக்கத்தில் சோதித்துப் பாருங்கள் என்பதையெல்லாம் இங்கே சொல்லப் போவதில்லை. அதுகூடத் தெரியாதவர் ரெகெக்ஸ் (எழுத்து வடிவத்தை விவரித்துத் தேடும் குறியீடு) பக்கமே வந்திருக்க மாட்டார்.

## ஏப்ரல் 3ஆ, மார்ச் 4ஆ

03/04/2019 என்றால் சிங்கப்பூரில் ஏப்ரல் 3, அமெரிக்காவில் மார்ச் 4. இது எல்லோருக்கும் தெரியும். தெரிந்துகொண்டே மாட்டிக்கொள்கிறார்கள். விக்கியில் இருப்பதெல்லாம் நம் கையால் எழுதியது என்ற நினைப்புதான் காரணம். கையால் எழுதியது பாதிகூட இருக்காது. செயலியிலிருந்து இறக்கியது, யாரோ அனுப்பிய எக்செல் அட்டவணை, மின்னஞ்சலிலிருந்து ஒட்டியது என்று எங்கெங்கிருந்தோ வந்து சேர்ந்திருக்கும்.

சிங்கப்பூரின் தெம்பனிஸில் இருக்கும் அக்கா ஒருவர் தம் அம்மாவின் சர்க்கரை அளவை விக்கியில் குறித்து வந்தார். காலையில் குத்திப் பார்த்து அவரே எழுதியதில் நாள் முதலில், மாதம் பிறகு. சோதிக்கும் கருவியோடு வந்த கைப்பேசிச் செயலியிலிருந்து இறக்கியதில் மாதம் முதலில். இரண்டும் ஒரே பக்கத்தில். அக்காவின் அண்ணன் மகன் பைத்தானில் ஒரு சின்ன ஸ்கிரிப்ட் எழுதிக் கொடுத்தான். ஓடியது. ஒரு பிழைச் செய்தியும் வரவில்லை. அடுத்த முறை பாலிகிளினிக்குப் போனபோது, புது மாத்திரை தொடங்கிய வாரத்திலேயே சர்க்கரை ஏறியிருக்கிறது என்று அக்கா டாக்டரிடம் வாதாடியிருக்கிறார். ஏறியது உண்மைதான். ஆனால் அது மாத்திரை தொடங்குவதற்கு முன்பு, வேறொரு மாதத்தில்.

“எல்லாத் தேதியும் அழகா இருக்கே தம்பி, எது தப்புன்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது?” என்று என்னிடம் கேட்டார். எனக்கு இன்றைக்கும் எரிச்சல் வருவது இந்த இடத்தில்தான்.

நடந்தது இதுதான். பைத்தானில் பலரும் பயன்படுத்தும் டேட்யூட்டில் என்ற நூலகம், நீங்கள் வேறு சொல்லாதவரை முதல் எண்ணை மாதம் என்று எடுத்துக்கொள்ளும். முதல் எண் 12ஐத் தாண்டினால் மட்டும், சரி, இது நாளாக இருக்கும் என்று தானே மாற்றிக்கொள்ளும். ஆகவே 25/04/2019 சரியாக ஏப்ரல் 25 ஆகும். அடுத்த வரியில் உள்ள 03/04/2019 மார்ச் 4 ஆகிவிடும். நீங்கள் சோதிக்க எடுத்த தேதி 25 என்றால் ஸ்கிரிப்ட் பாஸ். எக்செல் செய்வதும் ஏறக்குறைய இதே வேலைதான். சிங்கப்பூர் அமைப்பில் உள்ள கணினியில் அமெரிக்கக் கோப்பைத் திறந்தால் 04/03/2019 மார்ச் 4 என்று ஆகும். 04/25/2019 வெறும் எழுத்தாக நிற்கும். ஒரே நெடுவரிசையில் சில தேதிகள் இடப்பக்கமும் சில வலப்பக்கமும் ஒட்டி நின்றால் அங்கேயே கையை எடுத்துவிடுங்கள்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒவ்வொரு மாதத்திலும் முதல் 12 நாள்கள் இரண்டு விதமாகவும் படிக்கக்கூடியவை. அதில் 04/04 போல இரண்டு எண்ணும் ஒன்றாக இருக்கும் நாளை விட்டுவிட்டால் மிச்சம் 11. வருடத்துக்கு 132 நாள்கள். மூன்றில் ஒரு பங்குக்கும் மேல்! மாறிப்போன ஒவ்வொன்றும் நாள்காட்டியில் உள்ள, குற்றம் சொல்ல முடியாத தேதியாகவே இருக்கும்.

பேக்கப் இருக்கிறதே என்பீர்கள். தவறு அன்றைக்கே தெரிந்தால் அது உதவும். இந்தத் தவறு மாதங்கள் கழித்துத்தான் தெரியவரும். அதற்குள் அதே பக்கங்களில் புதிதாக எவ்வளவோ எழுதியிருப்பீர்கள். பழையதை மீட்டால் புதியது போகும். அதைவிட மோசம், மாற்றத்துக்கு முன் ‘இது செயலியில் இருந்து வந்தது, இது கையால் எழுதியது’ என்று வடிவத்தை வைத்தே ஓரளவு ஊகிக்க முடிந்தது. எல்லாம் ஒரே மாதிரி ஆனதும் அந்தத் துப்பும் போய்விட்டது.

அதனால் நான் சொல்லும் வழி கொஞ்சம் மெதுவானது. முதலில் எதையும் மாற்றாதீர்கள், தேடுங்கள். முதல் எண் 12க்கு மேல் உள்ள தேதிகள் எந்தெந்தப் பக்கங்களில் வருகின்றன, இரண்டாம் எண் 12க்கு மேல் உள்ளவை எங்கே வருகின்றன என்று இரண்டு பட்டியல் எடுங்கள். இரண்டிலும் ஒரே பக்கம் வந்தால் அது கலப்படப் பக்கம். அங்கே ஸ்கிரிப்ட் வேண்டாம், கையால்தான். ஒரு பட்டியலில் மட்டும் வரும் பக்கங்களை, எந்த வடிவம் என்று நீங்களே ஸ்கிரிப்டிடம் வெளிப்படையாகச் சொல்லி மாற்றுங்கள். அதை ஊகிக்க விடாதீர்கள். எதிலுமே வராத பக்கங்களுக்கு ‘தேதி-சந்தேகம்’ என்று ஒரு டேக் போட்டு வையுங்கள்.

மாற்றும்போது பழைய எழுத்தை அழிக்காமல் பக்கத்திலேயே வைத்திருங்கள்: 2019-04-03, அதன் பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் 03/04/2019. பார்க்க அசிங்கமாகத்தான் இருக்கும். சில மாதம் பொறுத்துக்கொண்டு, சரிபார்த்த பிறகு நீக்கலாம்.

சரிபார்க்க, கட்டாயம் தெரிந்த நாள்களைப் பிடியுங்கள். ஆகஸ்ட் 9 தேசிய தின அணிவகுப்பு பற்றிய குறிப்பு செப்டம்பர் 8இல் போய் உட்கார்ந்திருந்தால் விஷயம் வெளிச்சம். 2021 தீபாவளி நவம்பர் 4, 2023 தீபாவளி நவம்பர் 12. இரண்டுமே புரட்டினால் புரளும் தேதிகள், சோதனைக்கு வசதி. 2022 தீபாவளி அக்டோபர் 24, அதை வைத்து ஒன்றும் தெரியாது. குறிப்பில் கிழமை எழுதும் பழக்கம் இருந்தால் இன்னும் நல்லது. 2021 நவம்பர் 4 வியாழன். புரட்டினால் கிடைக்கும் ஏப்ரல் 11 ஞாயிறு.

## காலை எட்டு மணிக்கு முன் எழுதுபவர்கள்

டிட்லிவிக்கி என்ற விக்கி மென்பொருள், ஒரு குறிப்பு உருவான நேரத்தை 17 இலக்கமாகச் சேமிக்கும், அதுவும் உலகப் பொது நேரத்தில் (யுடிசி). சிங்கப்பூரில் நாம் அதற்கு 8 மணி நேரம் முன்னால் இருக்கிறோம். 10ஆம் தேதி காலை 6 மணிக்கு எழுதியது 9ஆம் தேதி இரவு 10 மணி என்று பதிவாகியிருக்கும். முதல் எட்டு இலக்கத்தை வெட்டி எடுத்துத் தேதியாக்கினால் சுப்ரபாதம் கேட்டுக்கொண்டே எழுதியதெல்லாம் முந்தைய நாளுக்குப் போகும்.

இன்னொன்று: சிங்கப்பூரின் நேர வித்தியாசம் 8 மணி ஆனதே 1982 ஜனவரி 1 முதல்தான். அதற்கு முன் ஏழரை. அப்பா அம்மா பிறந்த நாளை நள்ளிரவு 12 மணி என்று நேரத்தோடு சேமித்தால், மென்பொருளுக்கு மென்பொருள் அது முந்தின நாள் இரவு 11.30 ஆகக்கூடும். பிறந்த நாளுக்கு நேரம் எதற்கு? தேதி மட்டும் போதும்.

## கோப்புப் பெயர்

ஆப்சிடியன் என்ற குறிப்புச் செயலியில் ஒரு குறிப்பின் பெயரை உள்ளேயிருந்து மாற்றினால்தான் அதைச் சுட்டும் இணைப்புகளும் மாறும். வெளியே ஸ்கிரிப்டால் பெயரை மாற்றினால் இணைப்புகளையும் நீங்கள்தான் மாற்ற வேண்டும். அப்புறம், தினக்குறிப்பின் பெயர் வடிவத்தில் சாய்கோடு போடாதீர்கள். அது தேதியாக நிற்காது, கோப்புறைக்குள் கோப்புறையாகப் பிரியும்.

## மாதமும் நிமிடமும்

ஆப்சிடியனில் தேதி வடிவம் எழுதும்போது பெரிய எம் (MM) மாதம். சின்ன எம் (mm) நிமிடம். பைத்தானில் நேர்மாறு: %m மாதம், %M நிமிடம்.

## ஒட்டி எழுதும் தமிழ்

‘03/04/2019இல்’ என்று ஒட்டி எழுதுவது நம் வழக்கம். ரெகெக்ஸில் தேதியின் முடிவில் ‘சொல் எல்லை’ குறியீடு போட்டிருந்தால் பைத்தான் இதைப் பிடிக்காது; அதற்கு 9ம் இகரமும் ஒரே சொல்லின் எழுத்துகள். ஜாவாஸ்கிரிப்ட் பிடிக்கும், தமிழ் எழுத்தை அது சொல்லில் சேர்ப்பதில்லை. ஆகவே செருகுநிரலில் ஓடிய ரெகெக்ஸ் ஸ்கிரிப்டில் பாதியை விட்டுவிடும். எல்லைக் குறியை எடுத்துவிட்டு, ‘அடுத்தது இலக்கமாக இருக்கக் கூடாது’ என்று மட்டும் சொல்லுங்கள்.

## இரண்டு இலக்க வருடம்

பைத்தானோடு வரும் strptime கட்டளையில் 69 முதல் 99 வரை 1900களுக்குப் போகும், 00 முதல் 68 வரை 2000களுக்கு. 15/08/47இல் பிறந்த தாத்தா 2047இல் பிறப்பார்.

## வீட்டு எண்

வருடம் இல்லாத தேதிகளையும் பிடிக்கிறேன் என்று கிளம்பினால் #05-11 என்ற வீட்டு எண் மே மாதமோ நவம்பரோ ஆகிவிடும். தேக்காவில் நல்ல மீன் கிடைக்கும் கடையின் எண்ணும் அப்படியே. முன்னால் # இருந்தால் தொடக் கூடாது.

## இணைய முகவரி

செய்தி இணைப்புகளுக்குள் /2019/04/03/ என்று இருக்கும். கை வைத்தால் அந்தப் பக்கம் திறக்காது.