விவாகரத்துக்குப் பிறகு பிள்ளை விலகிப் போகாமல் இருக்க அப்பாக்கள் செய்ய வேண்டியது

மலேசியாவில், சுங்கை சிப்புட் பக்கம் தோட்டத்து வீட்டில் இருக்கிறேன். விவாகரத்தாகி நான்கு வருடம், மகள் அவள் அம்மாவோடு டவுனில் இருக்கிறாள். இதே நிலையில் உள்ள அப்பாக்களுக்காக எழுதுகிறேன்.

சட்டத்தை முதலில் முடித்துவிடலாம். முஸ்லிம் அல்லாதவர்களுக்கான 1976ஆம் ஆண்டுத் திருமண, விவாகரத்துச் சட்டப்படி, 7 வயதுக்குக் கீழுள்ள பிள்ளை தாயிடம் இருப்பதே நல்லது என்று நீதிமன்றம் எடுத்துக்கொள்ளும், ஆனால் தகுந்த காரணம் காட்டினால் அது மாறலாம். பிள்ளை உங்களிடம் இல்லாவிட்டாலும் பார்க்கும் உரிமையைக் கேளுங்கள். "பார்க்கலாம்" என்று மட்டும் எழுதிக்கொண்டு வந்தால் பிறகு சண்டைதான். எந்தக் கிழமை, எத்தனை மணி, யார் கூட்டிப் போவது, தீபாவளிக்கு எங்கே, பள்ளி விடுமுறைக்கு எங்கே என்று நீதிமன்ற உத்தரவில் இருக்க வேண்டும். நிலைமை மாறினால் உத்தரவை மாற்றச் சொல்லி மனு போடலாம். வக்கீலுக்குப் பணமில்லையா, அரசாங்கத்தின் சட்ட உதவித் துறையில் விசாரியுங்கள், வருமானத்தைப் பார்த்து உதவுவார்கள். பிள்ளைக்குக் கொடுக்கும் மாதச் செலவுப் பணத்தைப் பேங்கில் போட்டு ரசீதை வைத்துக்கொள்ளுங்கள். பார்க்க விடவில்லை என்ற கோபத்தில் அதை நிறுத்தவே கூடாது, அது பிள்ளையின் சாப்பாடு.

அப்புறம்தான் உண்மையான வேலை. முதல் வருடம் ஒவ்வொரு ஞாயிறும் மகளை ஈப்போவுக்குக் கூட்டிப் போய் பொம்மை, ஐஸ்கிரீம் என்று பணத்தைக் கொட்டினேன். பேசவே மாட்டாள். ஒருநாள் மோட்டார் சங்கிலி கழன்றுவிட்டது, எங்கும் போகவில்லை, வாசலில் உட்கார்ந்து சங்கிலியை மாட்டிக்கொண்டிருந்தேன். ஸ்பேனரைக் கையில் பிடித்துக்கொண்டு பக்கத்தில் குந்தியவள், தமிழ்ப்பள்ளியில் யார் யாரோடு "காய்" விட்டார்கள் என்பதில் ஆரம்பித்து, ராத்திரி தூக்கம் வராமல் அழுததுவரை சொன்னாள். அன்றைக்குத்தான் எனக்கு விளங்கியது, பிள்ளைக்கு வேண்டியது விருந்து இல்லை, வீடு. அவளுக்கென்று ஒரு பல்துலக்கி, ஒரு ஜோடி சிலிப்பர், வீட்டுப்பாடம் செய்ய ஒரு மேசை உங்கள் வீட்டில் இருக்கட்டும். பக்கத்து வீட்டு அக்காவிடம் கேட்டு நான் இரட்டைச் சடை பின்னக் கற்றுக்கொண்டேன், முதல் மாதம் ஒரு பக்கம் மேலே ஒரு பக்கம் கீழே, அவள் அப்படியே மறுநாள் பள்ளிக்குப் போனாள்.

அம்மாவைப் பற்றிப் பிள்ளையிடம் விசாரிக்காதீர்கள், தூதும் அனுப்பாதீர்கள். சொல்ல வேண்டியதை நேராக அம்மாவுக்கே வாட்சப்பில் எழுதுங்கள், சுருக்கமாக.

உங்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். பிள்ளையை விட்டுவிட்டுத் திரும்பும் ஞாயிறு சாயங்காலம்தான் ஆபத்து. வீடு வெறிச்சென்றிருக்கும், கால் தானாகத் தண்ணிக்கடைப் பக்கம் போகும். அந்த நேரத்துக்கு முன்கூட்டியே ஓர் ஏற்பாடு வைத்துக்கொள்ளுங்கள்: திடலில் பந்து, கோயில் வேலை, தம்பி வீட்டில் சோறு, எதுவானாலும் சரி, தனியாக மட்டும் இருக்காதீர்கள். தூக்கம் கெட்டு, வேலைக்காட்டுக்குப் போக மனமே இல்லாமல் வாரக்கணக்கில் இழுத்தால் கிளினிக்கில் வாய்விட்டுச் சொல்லுங்கள். மனநல உதவிக்குச் சுகாதார அமைச்சின் 15555 எண் இருக்கிறது. ஆம்பளை அழக்கூடாது என்று சொல்லியே நம் லயங்களில் எத்தனை பேரைக் குடிக்குக் கொடுத்துவிட்டோம்.

நடுவாரத்தில் போன் அடிக்க ஒரு நேரம் வையுங்கள், நான் ராத்திரி எட்டு மணிக்கு. சில நாள் "ம்" என்பதோடு வைத்துவிடுவாள், சில நாள் எடுக்கவே மாட்டாள். கோபப்படாமல் மறுநாள் எட்டு மணிக்கு அடியுங்கள்.