கல்லோயாத் தீவுகள்: படகில் போவதா, ஜீப்பில் போவதா?

அம்பாறை நகரிலிருந்து ஏறத்தாழ 20 கிலோமீற்றரில் இங்கினியாகலை. சேனநாயக்க சமுத்திரம் என்ற பெரிய குளத்தின் அணைக்கட்டு அங்கேதான். குளம் நிரம்பியபோது மூழ்காமல் மிஞ்சிய மேடுகளே இன்றைய தீவுகள். 1954இல் அமைந்த கல்லோயா தேசியப் பூங்காவில், இந்தத் தீவுகளுக்கிடையே யானைகள் நீந்திப் போகும். இதைப் பார்க்க விரும்பினால் படகுதான். ஆனால் எல்லா மாதத்திலும் அல்ல.

முதலில் மாதம். மாரி மழையில் குளம் நிரம்பிக் கிடக்கையில் கரையில் புல் இருக்காது. யானைகள் காட்டுக்குள் நிற்கும், படகில் போனாலும் பறவைகள்தான் கிடைக்கும். தண்ணீர் வற்ற வற்ற ஈரமண்ணில் இளம்புல் முளைக்கும். அதைத் தேடித்தான் கூட்டம் கரைக்கும் தீவுக்கும் வரும். மார்ச் முதல் ஜூலை வரை நல்ல காலம்.

அடுத்து, எதைப் பார்க்கப் போகிறீர்கள்? யானை, முதலை, நீர்க்காகம், கூழைக்கடா, கடற்கழுகு என்றால் படகு. மரங்கள், வண்ணத்துப்பூச்சிகள், காட்டுப் பறவைகள் என்றால் நில்கல பக்கம் தரைவழி. கடுக்காயும் தான்றியும் நெல்லியும் இயற்கையாக வளரும் புல்வெளிக் காடு அது. மட்டக்களப்பிலிருந்து போவோர் செங்கலடியில் பதுளை வீதிக்குத் திரும்பி, மகாஓயா தாண்டிப் பிபிலை வழியாகப் போகலாம். நில்கலயில் ஆளுயரப் புல். பக்கத்தில் நிற்கும் யானைகூடத் தெரியாது. யானைக்காக ஜீப் பிடித்தவர்கள் ஏமாறுவது இதனால்தான்.

கூட வருவோர். இடுப்புவலி உள்ளவருக்கு ஜீப்பின் குலுக்கல் ஆகாது. படகில் மலசலகூடம் இல்லை, நிழலும் நிச்சயமில்லை. சின்னப் பிள்ளைகள் என்றால் மூன்று மணித்தியாலம் அமர்ந்திருப்பார்களா என்று யோசியுங்கள்.

படகு பேசும்போது நான்கு கேள்விகள் போதும்: பூங்கா அனுமதிச்சீட்டு விலைக்குள் அடங்குமா, பிள்ளைகளின் அளவில் உயிர்காப்பு அங்கி உண்டா, எத்தனை பேரை ஏற்றுவார்கள், எத்தனை மணிக்குப் புறப்படும்? காலை ஆறு மணிப் பயணத்தையே கேளுங்கள். கச்சான் என்ற தென்மேற்குக் காற்று வீசும் மாதங்களில் வெயில் ஏற ஏறக் காற்றும் கூடும், திறந்த நீரில் அலை எழும்பும். கரையோரம் படகோட்டி வேகத்தைக் குறைத்தால் அவசரப்படுத்த வேண்டாம். நீருக்கடியில் பட்டமரக் கட்டைகள் கிடக்கும், எஞ்சின் விசிறி அடிபட்டால் நடுக்குளத்தில் நிற்க வேண்டியதுதான்.

தொலைநோக்கி 8×42 (எட்டு மடங்கு பெரிதாக்குவது) போதும். 12 மடங்கு பெரிதாக்குவது ஆடும் படகில் படத்தையும் ஆட்டிவிடும். ஒருவருக்கு இரண்டு லீற்றர் தண்ணீர், தொப்பி, கெமராவுக்கு நீர்புகாப் பை.

நீரில் நடந்துகொள்வது. இதில்தான் கவனம் அதிகம் வேண்டும். பறவைகள் கூடு கட்டியிருக்கும் தீவில் இறங்கவே கூடாது. ஆளைக் கண்டு தாய் எழும்பினால் முட்டை வெயிலில் காயும், காகம் தூக்கும்.

நீந்தும் யானைக்குத் தும்பிக்கை நுனியும் தலையும்தான் வெளியே தெரியும். அதற்கும் அது போகும் கரைக்கும் நடுவே படகை விடச் சொல்லாதீர்கள். திரும்பி நீந்தினால் களைத்துவிடும், குட்டி பிரிந்துபோகும். பக்கவாட்டில் தூரமாக நின்று எஞ்சினை நிறுத்தச் சொல்லுங்கள். கடைசிக் குட்டியும் கரையேறிய பிறகே மறுபடி போடச் சொல்லுங்கள்.