கால் கட்டைவிரல் திடீரென்று வீங்கி எரிகிறதா? கௌட் வலிக்கு என்ன செய்வது

கடலூர் முதுநகரில் இருக்கும் என் மாமா ஒரு ராத்திரி இரண்டு மணிக்கு அலறிக்கொண்டு எழுந்தார். வலது கால் கட்டைவிரல் மூட்டு சிவந்து வீங்கியிருந்தது, போர்வை பட்டாலே துடித்தார். சுளுக்கு என்று நினைத்து அத்தை எண்ணெய் போட்டு நீவ, வலி இரண்டு மடங்கானது. அது கௌட். நம் பக்கம் ‘யூரிக் ஆசிட் ஏறிடுச்சு’ என்பார்களே, அதுதான்.

மரக்காணம் உப்பளத்தில் தண்ணீர் சுண்டச்சுண்ட உப்பு பூப்பதைப் பார்த்திருப்பீர்கள். 100 மில்லி ரத்தத்தில் யூரிக் அமிலம் 6.8 மில்லிகிராமைத் தாண்டினால் இதுவும் கரைந்து நிற்காமல் மூட்டுக்குள் ஊசி ஊசியாகப் படியத் தொடங்கும். உடம்பிலேயே சூடு குறைந்த இடம் கால் நுனி என்பதால் பெரும்பாலும் கட்டைவிரலில்தான் ஆரம்பிக்கும்.

படி 1: வலி வந்த ராத்திரி
காலைத் தலையணை மேல் தூக்கி வையுங்கள். ஐஸ் கட்டியைத் துணியில் சுற்றி 15, 20 நிமிடம் ஒற்றி எடுங்கள். நீவக் கூடாது. வலிக்கு ஆஸ்பிரின் போட வேண்டாம், அது யூரிக் அமிலத்தை ஏற்றிவிடும். (இதயத்துக்காகத் தினமும் போடுபவர்கள் தாங்களாக நிறுத்தவும் கூடாது.) கூடவே காய்ச்சலோ குளிரோ இருந்தால் மூட்டில் சீழ் பிடித்திருக்கலாம், அப்போது விடியும்வரை காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள்.

படி 2: மறுநாள் டாக்டர்
கோல்ச்சிசின், வலி மாத்திரை, ஸ்டீராய்டு மூன்றில் உங்களுக்கு எது சரி என்று அவர் முடிவு செய்வார். கிட்னிக் கோளாறு, வயிற்றுப் புண், சர்க்கரை இருந்தால் முதலிலேயே சொல்லிவிடுங்கள். பிரஷருக்கு நீர் போகும் மாத்திரை சாப்பிட்டால் அதையும் காட்டுங்கள், சிலருக்கு ஆசிட் ஏறுவதே அதனால்தான்.

படி 3: ரத்தப் பரிசோதனை
வலி இருக்கும்போது எடுத்தால் அளவு சரியாக இருப்பதுபோல் காட்டலாம். இரண்டு வாரம் கழித்து மறுபடி எடுங்கள். வலியே வராமல் ரிப்போர்ட்டில் மட்டும் அளவு கூடியிருந்தால் அது கௌட் ஆகாது, பெரும்பாலும் மாத்திரையும் தேவைப்படாது.

படி 4: நீண்ட நாள் மாத்திரை
பலரும் கோட்டை விடுவது இங்கேதான். வலி அடிக்கடி வந்தால் யூரிக் அமிலத்தைக் குறைக்கும் அலோப்யூரினால் மாத்திரை எழுதுவார்கள். வழக்கமாக 100 மில்லிகிராம் அல்லது அதற்கும் குறைவாகத் தொடங்கி, அளவு 6-க்குக் கீழே இறங்கும்வரை மெல்ல மெல்லக் கூட்டுவார்கள். பழைய படிவு கரையும் முதல் சில மாதங்களில் வலி திரும்ப வரலாம். மாத்திரை வேலை செய்யவில்லை என்று அதற்கு அர்த்தமில்லை. மாமா மூன்றே மாதத்தில் ‘சரியாப்போச்சு’ என்று நிறுத்திவிட்டார். தீபாவளிக்கு அடுத்த நாள் இடது காலில் வந்தது. ஆனால் தோலில் தடிப்பு வந்தால் மட்டும் உடனே நிறுத்திவிட்டு டாக்டரைப் பாருங்கள்.

படி 5: சாப்பாடு
பத்தியத்தால் மட்டும் அளவு பெரிதாக இறங்காது, ஆனால் வலியைக் கிளப்பிவிடுவது பல நேரம் சாப்பாடுதான். நெத்திலி, மத்தி, ஈரல், மூளை, இனிப்புக் கூல்டிரிங்க்ஸ் எல்லாம் குறையட்டும். பாண்டிச்சேரி போனால் பீர் பக்கம் திரும்பாதீர்கள். பருப்பையும் கீரையையும் பார்த்துப் பயப்பட வேண்டாம். மோர் நல்லது. தண்ணீர் நிறையக் குடியுங்கள், பட்டினி மட்டும் கிடக்காதீர்கள்.

மாமாவின் கடைசி ரிப்போர்ட்டில் அளவு 5.6. ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை மீன் வாங்கும் வேலையை அத்தை இன்னும் அவரிடம் திருப்பிக் கொடுக்கவில்லை.