பெரியவர்களுக்குக் காலநிலை வகுப்பா? இந்தத் தவறுகள் வேண்டாம்

மலேசியாவின் ஜொகூர் மாநிலத்துச் சிகாமட் போன்ற தோட்டப்புற ஊரில் காலநிலை வகுப்பு என்றாலே கோயில் மண்டபத்தில் திரை கட்டி, உருகும் பனிமலையைக் காட்டத் தோன்றும். காலமெல்லாம் பால்மரம் (ரப்பர்) சீவியவர் அதைப் பார்த்து என்ன யோசிப்பார்? காலை மழையில் பட்டை நனைந்தால் அன்று சீவ முடியாது, கூலி போச்சு. அங்கிருந்து தொடங்கினால் அவரே பேச ஆரம்பித்துவிடுவார்.

அவர் பேசுவதையெல்லாம் அப்படியே ஏற்பது அடுத்த தவறு. எனக்கு இதுதான் பெரிதாகப் படுகிறது. "2006 வெள்ளமே எங்கள் வாசல்படி ஏறவில்லை, இனி எங்கே வரப்போகிறது?" என்று ஒருவர் சொன்னால் மண்டபமே தலையாட்டும். நேரடியாக மறுத்தால் அவர் அடுத்த வாரம் வரமாட்டார். கேட்டுப் பாருங்கள்: மண் கொட்டி எழுப்பிய அந்தத் தாமான் (குடியிருப்பு) அப்போது இருந்ததா? அங்கே தேங்கிய தண்ணீர் இப்போது எந்தப் பக்கம் போகிறது? லோங்காங் (சாக்கடை) அடைத்து எத்தனை நாளாச்சு? பதிலை அவர்களே வரைபடமாகப் போடட்டும்.

"வெள்ளம் என்றால் டிசம்பர்தான்" என்பதும் இப்படித்தான். சிகாமட்டில் 2006-ல் டிசம்பர், 2011-ல் ஜனவரிக் கடைசி, 2023-லோ மார்ச். மூன்றையும் பலகையில் எழுதிவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா இருங்கள். அந்த மௌனம் நமக்குத்தான் கஷ்டம்.

காரணமும் விளைவும் அடுத்தடுத்து வரும் என்று சொல்லித் தராதீர்கள். வறட்சி வந்தால் செம்பனையில் ஆண் பூக்கள் கூடும். குலை குறைவது ஒன்றிரண்டு வருடம் கழித்துக்கூடத் தெரியவரும். தோட்டத்தில் வேலையை மேற்பார்க்கும் மண்டோருக்கு இது பழகிய விஷயம். அவரையே விளக்கச் சொல்லலாம்.

அப்புறம், முழக்க வாசகத்தோடு வகுப்பை முடிக்கிற பழக்கம். அதற்குப் பதில் ஒரு முடிவெடுக்க வையுங்கள். வடிகால், நீர்ப்பாசனத் துறை இணையத்தில் ஆற்று நீர்மட்டத்தை வாஸ்பாடா (விழிப்பு), அமாரான் (எச்சரிக்கை), பஹாயா (அபாயம்) என்று படிப்படியாகக் காட்டுகிறது. எந்தப் படியில் பாட்டியைக் கிளப்புவீர்கள்? "பஹாயா வரட்டும்" என்பவரிடம், அதற்குள் உங்கள் தெருமுனை மூழ்கிவிடாதா என்று கேளுங்கள். மருந்து, ஐசி (அடையாள அட்டை), மோட்டார் சைக்கிள் யார் பொறுப்பு? பக்கத்து லயத்தில் (தொழிலாளர் வரிசை வீடுகளில்) இருக்கும் வங்காளதேசத் தொழிலாளிகளுக்கு யார், எந்த மொழியில் சொல்வது? பெயர் போட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.