ஆயில் எக்ஸ்ட்ராக்டர்: பம்பைப் பார்த்து வாங்கி, குழாயில் கோட்டை விடுகிறோம்

காரை ஜாக்கில் தூக்காமல், அடியில் படுக்காமல், டிப்ஸ்டிக் (ஆயில் அளவு பார்க்கும் குச்சி) துளை வழியாகவே பழைய ஆயிலை உறிஞ்சி எடுத்துவிடலாம். ஆயில் எக்ஸ்ட்ராக்டரின் சுகமே அதுதான். ஆயிலை வடிக்க எஞ்சினின் அடியில் கழற்றும் ட்ரெயின் போல்ட்டின் மரை கெட்டுப்போகுமோ என்ற பயமும் இல்லை. வீட்டிலேயே ஆயில் மாற்றுகிறவர்களுக்கு இது நல்ல கருவி என்பதில் எனக்குச் சந்தேகமே கிடையாது. ஆனால் வாங்கியவர்களில் பலர் இரண்டு தடவை பயன்படுத்திவிட்டு, "சரியா உறிஞ்சவே மாட்டேங்குது" என்று மூலையில் வைத்துவிடுகிறார்கள். பெரும்பாலும் குறை பம்பில் இருக்காது, எஞ்சினுக்குள் போகும் அந்த மெல்லிய குழாயில்தான் இருக்கும்.

பம்பின் பலத்துக்குக் காசு கொடுப்பது

தொட்டி வைத்த எக்ஸ்ட்ராக்டர் ஆயிலைப் பிடித்து இழுப்பதில்லை. தொட்டிக்குள் இருக்கும் காற்றை வெளியேற்றுகிறது, அவ்வளவுதான். வெளியே இருக்கும் காற்றழுத்தம் ஆயிலைக் குழாய்க்குள் தள்ளுகிறது. அந்த அழுத்தம் கடல் மட்டத்தில் ஏறத்தாழ 1 பார். எவ்வளவு உயர்ந்த பம்பாக இருந்தாலும் உறிஞ்சுவதில் அதைத் தாண்ட முடியாது. நல்ல கைப்பம்பு ஒன்றே அதில் பெரும்பகுதியை எட்டிவிடும்.

குழாயின் கதை வேறு. ஆயில் மாதிரி கெட்டியான திரவம் ஒரு நிமிடத்தில் குழாய் வழியே எவ்வளவு வரும் என்பது, உள்விட்டத்தின் நான்காம் அடுக்கைப் பொறுத்தது. 4 மி.மீ. உள்விட்டமுள்ள குழாயை எடுத்துவிட்டு 6 மி.மீ. போட்டால், அதே பம்பில், அதே நேரத்தில் ஏறத்தாழ ஐந்து மடங்கு ஆயில் வரும். இதைவிடப் பெரிய முன்னேற்றத்தை எந்த மோட்டாரும் தராது. அதனால் கடைக்குப் போகும் முன் டிப்ஸ்டிக் துளையின் உள்விட்டத்தை அளந்துகொள்ளுங்கள். அதற்குள் தடையில்லாமல் போகக்கூடிய மிகப் பெரிய குழாயைத் தேடுங்கள். துளைக்கு வெளியே வந்த பிறகு மெல்லிய குழாயை நீட்டிக்கொண்டே போகாமல், சீக்கிரமே பெரிய ஹோஸில் இணைத்துவிடுவது நல்லது.

தொட்டியின் கொள்ளளவு உங்கள் எஞ்சின் ஆயிலைவிடக் கொஞ்சம் அதிகமாக இருந்தால் போதும். எஞ்சினுக்கு எத்தனை லிட்டர் என்று கார் கையேட்டிலேயே இருக்கும்.

எல்லாக் காருக்கும் ஒத்துவரும் என்று நம்புவது

சில கார்களில் டிப்ஸ்டிக்கே இல்லை, சென்சார்தான். சிலவற்றில் டிப்ஸ்டிக் குழாய் ஆயில் பேனின் (எஞ்சினின் அடியில் ஆயில் தேங்கும் தட்டு) ஆழமான பகுதிக்குப் போகாமல் பக்கவாட்டில் முடியும். சில பேன்களின் உள்ளே தடுப்புத் தகடுகள் உண்டு. வெளியிலிருந்து பார்த்து இதையெல்லாம் சொல்ல முடியாது. சோதித்துப் பார்க்க ஒரு நேர்மையான வழி இருக்கிறது. முதல் தடவை எக்ஸ்ட்ராக்டரால் முடிந்தவரை எடுத்துவிட்டு, அப்புறம் ட்ரெயின் போல்ட்டையும் கழற்றிப் பாருங்கள். 100 மி.லி. சொட்டினால் கவலையே வேண்டாம். அரை லிட்டர் விழுந்தால், அந்தக் காருக்கு இந்த வழி சரிவராது. எத்தனை பேர் சொன்னாலும் இந்த ஒரு சோதனைக்கு ஈடாகாது.

குளிர்ந்த ஆயில், கொதிக்கும் ஆயில்

5W-30 கிரேடு ஆயில் 40 டிகிரி செல்சியஸில் இருக்கும்போது, 100 டிகிரியில் இருப்பதைவிட ஐந்தாறு மடங்கு கெட்டி. ராத்திரி முழுக்க நின்ற காரில் குழாயை விட்டுவிட்டு பம்பைத் திட்டுவதில் அர்த்தமில்லை. அதற்காக நீண்ட ஓட்டம் முடிந்து வந்த கையோடு குழாயை விடுவதும் தப்பு. அப்போது ஆயில் 100 டிகிரியை ஒட்டி இருக்கும். பாலிஎத்திலீன் குழாய் இளகி, உறிஞ்சும் அழுத்தத்தில் தட்டையாக ஒட்டிக்கொள்ளும். எஞ்சினைக் கொஞ்ச நேரம் ஓடவிட்டு, அணைத்து, பத்து நிமிடம் விட்டால் மேலே இருக்கும் ஆயிலும் பேனுக்கு இறங்கிவிடும், சூடும் பதமாக இருக்கும். ஃபில்டர் மேல்புறம் இருக்கும் எஞ்சினாக இருந்தால், உறிஞ்சுவதற்கு முன்பே அதன் மூடியைத் தளர்த்திவிடுங்கள். அதிலிருக்கும் ஆயிலும் கீழே வந்துவிடும்.

குழாயை மாற்றும்போது

எக்ஸ்ட்ராக்டரில் செய்யத் தகுந்த மாற்றம் என்றால் எனக்கு முதலில் தோன்றுவது குழாய்தான். ஆனால் கைக்குக் கிடைத்த குழாயைச் செருகக்கூடாது. சிலிகான் குழாய் சூட்டைத் தாங்கும், ஆனால் சூடான ஆயிலில் உப்பும், வெற்றிடத்தில் சப்பையாகும். சாதாரண ரப்பரும் ஆயிலில் ஊறிவிடும். எஞ்சினுக்குள் போகும் பகுதிக்கு நைலான் அல்லது டெஃப்லான், வெளியே வரும் பகுதிக்கு நைட்ரைல் ரப்பர் ஹோஸ் என்று பிரித்துக்கொள்ளுங்கள்.

நுனியை நேராக வெட்டினால் அது பேனின் தரையில் முத்திரை மாதிரி ஒட்டிக்கொண்டு ஓட்டத்தை அடைத்துவிடும். சாய்வாக வெட்டுங்கள். பித்தளையோ செம்போ போடுவதென்றால் வெட்டிய பிசிறை முழுக்கத் தேய்த்து எடுத்த பிறகே உள்ளே விட வேண்டும். எஞ்சினுக்குள் விழும் உலோகத் துணுக்கு சின்ன விஷயம் இல்லை. டிப்ஸ்டிக்கின் நீளத்தைக் குழாயில் வைத்துப் பார்த்து ஒரு டேப் ஒட்டிவிட்டால், உள்ளே எவ்வளவு போயிருக்கிறது என்று எப்போதும் தெரியும்.

புதிதாகப் போட்ட ஒவ்வொரு இணைப்பும் காற்று கசியக்கூடிய இடம். சோப்புத் தண்ணீர் தடவிப் பார்க்கிறார்கள். இங்கே அது வேலைக்காகாது, காற்று உள்ளே போகிறதே தவிர வெளியே வருவதில்லை, குமிழி எப்படி வரும்? குழாயின் நுனியை அடைத்துப் பம்படித்துவிட்டுக் காத்திருங்கள். சில நிமிடம் கழித்துத் திறக்கும்போது "புஸ்" என்று பலமாக உறிஞ்சினால் இணைப்பு நன்றாக இருக்கிறது.

செய்யவே கூடாத மாற்றங்களும் உண்டு. உறிஞ்சுவதற்காகச் செய்த தொட்டிக்குள் கம்ப்ரஸர் காற்றை ஏற்றாதீர்கள், அது வெடிக்கலாம். பம்பு பலமானது என்று கண்ணாடி ஜாடியைத் தொட்டியாக வைப்பதும் அதே அளவு ஆபத்து, உள்நோக்கி நொறுங்கும். 12 வோல்ட் மின்பம்பு என்றால் பேட்டரியின் பாசிட்டிவ் முனைக்குப் பக்கத்திலேயே ஃபியூஸ் இருக்க வேண்டும். 60 வாட் பம்பு ஏறத்தாழ 5 ஆம்பியர் இழுக்கும், அதற்கேற்ற ஒயர் போடுங்கள். இந்தப் பம்பால் பெட்ரோலைத் தொடவே கூடாது. மோட்டாருக்குள் ஒரு பொறி போதும்.

ஒரே கருவியில் எல்லாத் திரவமும்

என்னை மிகவும் கவலைப்படுத்துவது இதுதான். எஞ்சின் ஆயில் எடுத்த அதே எக்ஸ்ட்ராக்டரைப் பிரேக் ஆயிலுக்கும் பயன்படுத்துகிறார்கள். பெயரில்தான் அது ஆயில், உண்மையில் பெரும்பாலும் கிளைக்கால் வகைத் திரவம். பிரேக்கில் இருக்கும் இ.பி.டி.எம். ரப்பர் சீல்கள் அதற்கென்றே செய்யப்பட்டவை. பெட்ரோலிய ஆயில் பட்டால் அவை உப்பிவிடும். குழாயில் ஒட்டியிருக்கும் கொஞ்சம் எஞ்சின் ஆயில் பிரேக் திரவத்தின் ரிசர்வாயரில் (சேமிப்புக் கிண்ணத்தில்) கலந்தாலே பிரேக் முழுவதையும் கழற்ற வேண்டி வரலாம். கழுவினால் போதும் என்று நினைக்காமல் பிரேக்குக்குத் தனிக் கருவி வைத்துக்கொள்ளுங்கள், சின்ன சிரிஞ்சு கூடப் போதும்.

காற்றுச் சத்தத்தை நம்புவது

முதல் தடவை நானும் இதைச் செய்தேன். குழாயில் குமிழி ஓடும் சத்தம் வந்ததும் காலியாகிவிட்டது என்று நிறுத்திவிட்டேன். உண்மையில் குழாயின் நுனி பேனுக்குள் மேல்நோக்கி வளைந்து நின்றிருக்கிறது. எடுத்ததை அளக்காமல் கையேட்டில் சொன்ன 4.5 லிட்டரையும் ஊற்றினேன். டிப்ஸ்டிக்கில் அளவு மேல்கோட்டைத் தாண்டி வெகுதூரம் போய்விட்டது. நல்லவேளை, எஞ்சினை இயக்கும் முன் பார்த்தேன். அதிக ஆயிலில் எஞ்சினுக்குள் சுழலும் கிராங்க் ஷாஃப்ட் அடித்து நுரை கிளப்பினால் ஆயில் அழுத்தமே குறைந்துவிடும்.

சத்தம் கேட்டதும் குழாயைக் கொஞ்சம் மேலே இழுத்து, திருப்பி, மறுபடி இறக்குங்கள். மூன்று நான்கு தடவை செய்தும் காற்றே வந்தால்தான் முடிந்தது. வந்த ஆயிலைத் தனி அளவுக் குவளையில் அளந்து பாருங்கள், தொட்டியில் போட்டிருக்கும் கோடுகள் துல்லியமாக இருப்பதில்லை. புது ஆயிலில் அரை லிட்டரைப் பிடித்து வைத்துக்கொண்டு, டிப்ஸ்டிக்கைப் பார்த்துப் பார்த்து மீதியை ஊற்றுங்கள். மூன்று நான்கு மாற்றத்துக்கு ஒருமுறையாவது ட்ரெயின் போல்ட் வழியாகவும் இறக்குங்கள். அடியில் தேங்கிய கசடு அப்போதுதான் வெளியே வரும். போல்ட்டில் காந்தம் இருந்தால், அதில் ஒட்டியிருக்கும் தூள் எவ்வளவு என்பதையும் பார்த்துவிடலாம்.