ஓகஸ்டில் ஊருக்குப் போகிறீர்களா? கமராவும் வரட்டும்

பறவை பார்க்க வேண்டுமென்றால் மார்கழி, தையில்தான் யாழ்ப்பாணம் போக வேண்டும் என்பார்கள். பூநாரைக் கூட்டம்தான் வேண்டுமென்றால் அது சரி. ஆனால் பிள்ளைகளின் பள்ளி விடுமுறையும் நல்லூர்த் திருவிழாவும் சேர்ந்து நம்மில் பலரை ஓகஸ்டில்தான் ஊருக்கு இழுக்கின்றன. இந்த வெயிலில் என்ன பறவை என்று கமராவை வீட்டில் வைத்துவிட்டுப் போகாதீர்கள்.

வடக்கே சைபீரியா, நடு ஆசியா பக்கம் குஞ்சு பொரித்த கரைப்பறவைகள் ஓகஸ்டிலேயே நம் கடல்நீரேரிகளில் வந்து இறங்கத் தொடங்கிவிடும். முதலில் வருபவை தாய் தகப்பன்மார். குஞ்சுகள் வழிகாட்ட ஆளில்லாமல் தாமாகவே பிந்தி வந்து சேரும். முந்தி வந்தவற்றின் உடம்பில் இனப்பெருக்கக் கால நிறம் இன்னும் மிச்சமிருக்கும். அலகு கீழ்நோக்கி வளைந்த சிறு உள்ளான் ஒன்று, செங்கல் நிற வயிற்றில் திட்டுத்திட்டாக வெள்ளை இறகு முளைத்து, பாதி வெள்ளையடித்த சுவர் போல நிற்கும். உப்புக்கொத்தியின் நெஞ்சில் செம்மஞ்சள் பட்டை தெரியும். தையில் போனால் இதே பறவைகள் ஒரே சாம்பல் நிறம்தான்.

யாழ் நகரில் தங்குபவர்களுக்கு, கடல்நீரேரியைக் கடந்து தீவுகளுக்குப் போகும் பண்ணைப் பாலம் போதும். விடிய ஐந்தே முக்காலுக்குக் கோட்டையைக் கடந்துவிடுங்கள். தீவுப் பக்கம் போகும்போது சூரியன் முதுகுக்குப் பின்னால் இருக்கும், படத்துக்கு அதுதான் வசதி. எட்டரைக்குப் பிறகு சேற்றின் மேல் கானல் ஆடத் தொடங்கும். எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய லென்ஸாக இருந்தாலும் அதற்குப் பிறகு தூரத்துப் பறவை கலங்கலாகத்தான் விழும். அப்புறம் என்ன, வீட்டுக்குப் போய்ப் புட்டுச் சாப்பிடலாம்.

ஓட்டோவை விட்டு இறங்காதீர்கள். வண்டிக்கு அஞ்சாத பறவை, மனிதக் கால் தரையில் பட்டதும் எழும்பிவிடும். எஞ்சினை நிறுத்தச் சொல்லி, உள்ளே இருந்தபடியே எடுங்கள். முக்காலி தேவையில்லை. அரிசி நிரப்பிய சிறு துணிப்பையைக் கம்பியில் வைத்து லென்ஸைச் சாய்த்தால் ஆடாது. தென்மேற்கிலிருந்து வீசும் சோளகக் காற்று உப்பையும் புழுதியையும் அள்ளிக்கொண்டு வரும் காலம் இது, வெளியில் நின்று லென்ஸ் மாற்றவே வேண்டாம்.

நான் முதல் தடவை பட்ட பாடு வேறு. இரவு முழுதும் ஏசி அறையில் கிடந்த கமராவை வெளியே எடுத்ததும் கண்ணாடி முழுதும் நீராவி. துடைக்கத் துடைக்கத் திரும்பப் படிந்தது. அதற்குள் நல்ல வெளிச்சம் போய்விட்டது. இப்போதெல்லாம் கமராப் பையை இரவே விறாந்தையோரத்து அறையில், ஏசி இல்லாத இடத்தில் வைத்துவிடுகிறேன்.

இரண்டு நாள் கூடுதலாக இருந்தால் மன்னார் போங்கள். 2010இல் சர்வதேச முக்கியத்துவம் உள்ள ராம்சார் ஈரநிலமாக அறிவிக்கப்பட்ட வங்காலைச் சரணாலயம் பெருவழியோரத்திலேயே இருக்கிறது. அதே பெருவழியில் முருங்கனுக்குப் பக்கத்தில் கட்டுக்கரைக் குளம். கோடையில் நீர் வற்ற வற்ற, எஞ்சிய மடுவில் கூழைக்கடாவும் நாரையும் நெருக்கியடித்து மீன் பிடிக்கும். வழியில் பற்றைக்குள் கவுதாரி கூப்பிட்டால் வண்டியை நிறுத்துங்கள். இலங்கையின் தெற்கே அதைக் காண முடியாது.

எங்கும் போக நேரமில்லையா? அம்மம்மா வீட்டு வளவிலேயே பனை உழவாரன் ஓலைக்கடியில் கூடு வைத்திருக்கும், நிமிர்ந்து பாருங்கள்.

ஒன்றைமட்டும் விளையாட்டாக எடுக்காதீர்கள். இராணுவ முகாம், சோதனைச்சாவடி இருக்கும் பக்கம் லென்ஸைத் திருப்ப வேண்டாம். ட்ரோன் பறக்கவிட முன்கூட்டியே அனுமதி எடுக்க வேண்டும். முகமாலைப் பக்கம் கண்ணிவெடி இருக்கிறது என்று எச்சரிக்கும், மண்டையோடு போட்ட சிவப்புப் பலகையைக் கண்டால், எந்தப் பறவை எங்கே இருந்தாலும் தார் வீதியை விட்டு ஓரடி இறங்காதீர்கள். எந்தக் காணி துப்புரவாகிவிட்டது, எது இன்னும் இல்லை என்பதை அந்த ஊர்ச் சனத்திடம் கேட்டு, அவர்கள் நடக்கும் பாதையிலேயே நடங்கள்.