ஜூக்கி மெசினுக்கு ஊசி சரியா மாட்டுறது எப்படி

கல்முனை, மருதமுனைப் பக்கம் வீட்டுல ஜூக்கி (கார்மென்ட்ஸ்ல பாவிக்கிற மோட்டர் மெசின்) வச்சுத் தைக்கிற ஆக்கள் தையல் விட்டு விட்டு விழுந்தா உடனே டென்சனை (நூலிட இறுக்கத்த) போட்டுத் திருகுவாங்க, அதத் தொடாதீங்க, முதல்ல ஊசியப் பாருங்க.

சுவிச்ச ஓஃப் பண்ணுங்க. பழைய கிளட்ச் மோட்டரெண்டா ஓஃப் பண்ணியும் கொஞ்ச நேரம் சுத்தும், அது நிண்ட பிறகுதான் கை வைக்கணும். சில்லக் கையால திருப்பி ஊசிக்கம்பிய நல்லா மேல கொண்டுவந்து ஊசியப் பிடிச்சிருக்கிற ஆணிய லூஸ் பண்ணி (முழுசாக் கழட்டிராதீங்க, விழுந்தா தேடி மாளாது) பழைய ஊசிய எடுங்க.

இனித்தான் விசயமே இருக்கு. ஜூக்கிக்குப் போடுற டிபி (DB) ஊசிட தண்டு முழு உருண்டை, வீட்டு மெசின் ஊசி மாதிரித் தட்டைப் பக்கம் கிடையாது, அதால எப்படித் திருப்பி வச்சாலும் உள்ள போயிரும். நீளக் காடி இடப்பக்கம், காதுக்கு மேல உள்ள பள்ளம் வலப்பக்கம் வரணும், நகத்தால தடவினாலே தெரியும். மேல முட்டுமட்டும் தள்ளிப் பிடிச்சுக்கிட்டே ஆணிய இறுக்குங்க, கொஞ்சம் இறங்கினாலும் கீழ உள்ள கொக்கி நூலப் பிடிக்காது. நூல் இடமிருந்து வலமாக் கோருங்க. மறுகா சில்லக் கையால ஒருக்கா சுத்தி எங்கயும் தட்டுதாண்டு பாருங்க.

கைத்தறித் துணிக்கு 14ஆம் நம்பர் ஊசி, மெல்லிய வொயில் துணிக்கு 11ஆம் நம்பர்.